குழந்தைகள் ஐசியூ நர்ஸ்களுக்கு: எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயங்கள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற செவிலியர்களுக்காகவும், அங்கே சேரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு நர்ஸ் இருந்து, கொஞ்ச நாளாக அவர் ஆளே மாறிப்போயிருக்கிறார் என்று கவலைப்படுகிறவர்களும் படிக்கலாம். ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு எனக்கு என்ன ஆனது, அது இன்னது என்று தெரிந்துகொள்வதற்கே ஏறக்குறைய ஒரு வருஷம் எப்படிப் போனது, அதில் சேமிப்பும் சம்பளமும் எவ்வளவு கரைந்தது, எது உதவியது, எது இன்னும் கெடுத்தது என்று நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். படிக்கிற காலத்தில், இதயம் நின்றுபோன குழந்தைக்கு அட்ரினலின் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு எங்களைத் தயார் செய்தார்கள். அந்தக் குழந்தை பிழைக்காவிட்டால் அடுத்த வாரம் நம் உடம்பும் மனசும் என்ன செய்யும் என்று ஒரு வகுப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை.

பெரியவர்கள் வார்டிலும் மரணம் உண்டு, அங்கே இருப்பவர்களுக்கு வலிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குழந்தைகள் வார்டில் சில விஷயங்கள் தனி. எல்லா மருந்தும் எடைக் கணக்கு, ஒரு தசமப் புள்ளி தள்ளிப்போனால் டோஸ் பத்து மடங்காகிவிடும், அதனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க மூளை ஒரு நொடி கூட உட்கார முடியாது. அம்மாவோ அப்பாவோ கட்டில் பக்கத்திலேயே இருப்பார்கள், நம் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள், அதனால் முகத்தைக் கூட நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதையெல்லாம் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஐ.வி. லைன் போடுகிற நேரம். மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டால்தான் ஊசி ஏறும், அந்தக் குழந்தை நம்மைப் பார்த்தே கத்தும், போட்டு முடித்ததும் அதே கையால்தான் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தங்குகிற குழந்தைகள் நம்மைப் பார்த்ததும் சில நாள் சிரிக்கும், சில நாள் கையை இழுத்து மறைத்துக்கொள்ளும். இரண்டுமே மனசில் தங்கும்.

அந்த இரவுக்கு வருகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வயது கூட ஆகாத ஆண் குழந்தை, பல வாரங்களாக எங்களிடம் இருந்தவன், வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்து தேறிக்கொண்டிருந்தவன். நள்ளிரவுக்கு மேல் திடீரென்று மூச்சு மோசமாகி, இதயத் துடிப்பு இறங்கி, நின்றுபோனது. நான்தான் முதலில் கை வைத்தேன். இரண்டு கட்டைவிரலையும் நெஞ்செலும்பில் வைத்து, மீதி விரல்களால் முதுகைச் சுற்றிப் பிடித்து, நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிற மாதிரி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. அவ்வளவு சின்ன நெஞ்சில் அவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும், மனசுக்கு எந்தக் காலத்திலும் பழகாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் செய்தோம். டாக்டர் நேரம் சொல்லி நிறுத்தினார். அவன் அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று, கழற்றிப் போட்டிருந்த அவன் சாக்ஸ் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார், அதை அவர் விடவே இல்லை.

அப்புறம் அவனைச் சுத்தம் செய்து அம்மா கையில் கொடுக்க வேண்டும். கன்னத்தில் ட்யூபை ஒட்டியிருந்த டேப்பை எடுக்கும்போது, உயிரோடு இருக்கிற குழந்தைக்குச் செய்கிற மாதிரியே ஓரத்தை நனைத்து நனைத்து, தோல் இழுபடாமல் எடுத்தேன். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு பஞ்சை நனைத்துக் கொடுத்தார். அது முடிவதற்குள் அடுத்த கட்டில் இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் அடித்தது, போய் சிரிஞ்ச் மாற்றினேன். கேஸ் ஷீட் எழுதினேன். விடிவதற்குள் அதே கட்டிலுக்குப் புது அட்மிஷன் வந்தது. காலை ஹேண்ட்ஓவரில் "நாலாவது பெட் எக்ஸ்பயர்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் யூரின் அளவுக்குப் போய்விட்டோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, வார்டு அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த இரவு முழுக்க ஒரு நிமிஷம் கூட நான் நிற்கவில்லை என்பதைப் பல மாதங்கள் கழித்து சிகிச்சைக்குப் போனபோதுதான் உணர்ந்தேன்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை, நன்றாக இருக்கிறேன் என்றே நினைத்தேன். பிறகு வீட்டில் எந்த மெஷின் பீப் என்று கத்தினாலும் நெஞ்சு தூக்கிப்போட ஆரம்பித்தது. தூங்கினால் கட்டைவிரலில் அந்த அழுத்தம் திரும்ப வரும், விழித்துக்கொள்வேன். அக்கா வீட்டுக்குப் போனால் தூங்குகிற அவள் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினால்தான் அறையை விட்டு வெளியே வர முடிந்தது, கொஞ்ச நாளில் அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். வார்டில் நாலாவது கட்டில் எனக்கு வராத மாதிரி ட்யூட்டியை மாற்றிக்கொண்டேன், கேட்டால் ஏதாவது காரணம் சொல்வேன். வீட்டில் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். என்னை ரொம்பப் பயமுறுத்தியது வேறு ஒன்று: ஒரு அப்பா தன் மகளைப் பற்றி அழுதுகொண்டே கேட்டபோது எனக்கு உள்ளே ஒன்றுமே அசையவில்லை. பதில் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது. குழந்தைகள் மேல் இருந்த பிரியத்தால்தான் இந்த வேலைக்கே வந்தேன், அதுவே போய்விட்டதா என்று அன்று இரவு அழுதேன்.

இதை மனசு சம்பந்தப்பட்டது என்று நான் நினைக்கவே இல்லை, ஏனென்றால் எல்லாமே உடம்பில்தான் காட்டியது. படபடப்புக்கு ஈசிஜி, எக்கோ, இதயத் துடிப்பை இருபத்திநாலு மணி நேரம் பதிவு செய்கிற ஹோல்டர். எடை குறைந்ததற்குத் தைராய்டு பரிசோதனை. வயிற்று எரிச்சலுக்கு எண்டோஸ்கோபி. தலைவலிக்கு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு ஃபீஸ், ஒரு லீவு. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வர வர, அப்போ எனக்கு என்னதான் என்று பயம் கூடியது. சேமித்து வைத்திருந்ததில் பாதிக்கு மேல் இதிலேயே போனது. இத்தனை பேரில் ஒருவர் கூட நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அங்கே சமீபத்தில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, கேட்காமல் நானும் சொல்லவில்லை. அதனால் படபடப்பு, தூக்கமின்மை என்று டாக்டரிடம் போகிறவர்கள் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "நான் குழந்தைகள் ஐசியூவில் நர்ஸ், இதயம் நின்ற ஒரு குழந்தைக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்தேன், பிழைக்கவில்லை, அதிலிருந்துதான் இப்படி." உடம்பைப் பரிசோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தைராய்டு பார்ப்பதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால் பாதிப் பரிசோதனைகள் நடந்திருக்காது.

சரி, இதெல்லாம் என்ன என்பதற்கு வருகிறேன். வேலையில் நமக்கு வருகிற எல்லாக் கஷ்டத்தையும் "ஸ்ட்ரெஸ்" என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள், ஆனால் உள்ளே வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. பர்ன்அவுட் என்பது ஓயாத வேலைப்பளுவால் வருகிற களைப்பு, வேலை மேல் வெறுப்பு, நான் செய்வதால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் இதை நோயாகச் சேர்க்காமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சேர்த்திருக்கிறது. ஆள் பற்றாக்குறை தீர்ந்து, ஓய்வு கிடைத்தால் இது ஓரளவு இறங்கும். அடுத்தது, மற்றவர்களின் துயரத்தைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் நமக்கே அதிர்ச்சிக்குள்ளானவரின் அறிகுறிகள் வருவது. உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி 1990களில் இதைப் பற்றி நிறைய எழுதினார், இரண்டாம்நிலை அதிர்ச்சி அழுத்தம் என்கிறார்கள். மூன்றாவது, செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் அமைப்பு நம்மைக் கட்டிப்போடும்போது வருகிற மனவேதனை, அறம் சார்ந்த மனவேதனை என்கிறார்கள். தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984லேயே நர்ஸ்களை வைத்துத்தான் இதை விளக்கினார். இனிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒரு குழந்தைக்கு ஊசி மேல் ஊசி போடச் சொல்லும்போது வருகிறதே, அதுதான் இது. நான்காவது பி.டி.எஸ்.டி., அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு. நாமே நேரில் பார்த்த மரணமும் இதற்குக் காரணமாகலாம், வேலையின் பகுதியாகக் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதும் காரணமாகலாம் என்று 2013ல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு இருந்தது இதுவும், அதற்கு அடியில் நீண்ட நாள் பர்ன்அவுட்டும்.

இதில் ஒரு மாதம் என்கிற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்ட ஷிஃப்டுக்குப் பிறகு சில நாள், சில வாரம் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, தூக்கம் கெடுவது, பதறுவது எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நினைவுகள் வந்து முட்டுவது, சில இடங்களைத் தவிர்ப்பது, உள்ளே மரத்துப்போவது, சதா விழிப்பாகவே இருப்பது இவையெல்லாம் சேர்ந்து நீடித்தால் அது காத்திருந்து சரியாகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, டாக்டரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஆகவில்லை, ஆனால் வேலைக்கே போக முடியவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். பெத் ஹட்நல் ஸ்டாம் உருவாக்கிய ப்ரோகால் என்ற 30 கேள்விப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. வேலை தருகிற நிறைவு, பர்ன்அவுட், இரண்டாம்நிலை அதிர்ச்சி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். அது நோயைக் கண்டறிகிற கருவி கிடையாது, ஆனால் டாக்டரிடம் பேச்சை ஆரம்பிக்க உதவும்.

சம்பவம் நடந்து கொஞ்ச நாளில் நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்தது. நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் அன்று என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள் என்றார்கள், வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. நான் பார்க்காத பகுதிகளை, மற்றவர்கள் பார்த்ததை, நானும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து கனவில் அவர்கள் சொன்னதும் சேர்ந்து வந்தது. சம்பவம் முடிந்த கையோடு ஒரே ஒரு அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கிற முறை பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, கட்டாயப்படுத்தி நடத்துவதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002லேயே சொல்லிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பதில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. பக்கத்தில் இருப்பது, உடனடித் தேவையைக் கவனிப்பது, அவர் பேச விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் தோண்டாமல் இருப்பது, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுவது, அவ்வளவுதான். மருத்துவ ரீதியாக என்ன நடந்தது, மருந்து நேரத்துக்கு வந்ததா, ட்ராலியில் எது இல்லை என்று டீமாக உட்கார்ந்து பேசுவது வேறு விஷயம், அது தேவை. இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலக்காதீர்கள் என்பதுதான் இன்சார்ஜ்களிடம் என் வேண்டுகோள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்த ஜோனதன் பார்ட்டல்ஸ் ஒரு எளிய வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் அந்த அறையில் இருக்கிற எல்லோரும் ஒரு நிமிஷத்துக்குள் அடங்குகிற ஒரு மௌனத்தில் நிற்பது. எந்தப் பிரார்த்தனையும் கட்டாயமில்லை. பல நாடுகளில் இதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செலவே இல்லாத விஷயம், எங்கள் வார்டில் இப்போது செய்கிறோம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னால் முடியாமல் போனபோது சொந்தக் காரணம் என்று எழுதி லீவு போட்டேன். சம்பள லீவு தீர்ந்ததும் சம்பளமில்லா லீவு, அது மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டேன். டேப் எடுக்கும்போது பஞ்சு நனைத்துக் கொடுத்த அதே அக்காதான் அதைக் கொடுக்க விடாமல் நிறுத்தினார். "இப்போ எந்த முடிவும் எடுக்காதம்மா, தூங்கி எழுந்து ஒரு டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் எழுது" என்றார். அந்தப் பேச்சு என் வேலையைக் காப்பாற்றியது. பிறகு வேலையால் வந்த பாதிப்பு என்று மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தபோது, சம்பவம் நடந்த நாளில் உங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லையே, லீவுக் கடிதத்தில் சொந்தக் காரணம் என்றுதானே இருக்கிறது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. போன மாதங்களின் சம்பளம் போனதுதான், அதன் பிறகானதற்கு மட்டும் வழி பிறந்தது.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு குழந்தை இறந்த ஷிஃப்டுக்குப் பிறகு, நீங்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அந்தப் பணியில் நீங்கள் இருந்தீர்கள் என்பது எழுத்தில் ஏதாவது ஓரிடத்தில் இருக்கட்டும். சம்பவ அறிக்கையிலோ, இன்சார்ஜுக்கு அனுப்புகிற இரண்டு வரி மெயிலிலோ இருந்தால் போதும். நோயாளியின் பெயர் வேண்டாம், தேதியும் ஷிஃப்டும் போதும். அறிகுறிகள் எப்போது ஆரம்பித்தன, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று உங்களுக்கென்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் லீவுக் கடிதத்திலும் அதையே எழுதுங்கள், மழுப்பாதீர்கள். சான்றிதழ் வாங்கும்போது நோய் என்ன என்பதோடு வேலையோடு அதற்குள்ள தொடர்பையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், டாக்டர்கள் பல சமயம் வெறும் "ஓய்வு தேவை" என்று எழுதிவிடுவார்கள். எழுதப்பட்ட சொல் பர்ன்அவுட்டா, பி.டி.எஸ்.டி.யா என்பதுகூட எனக்கு வித்தியாசத்தை ஏற்படுத்தியது. மனநலப் பாதிப்பை வேலைக் காயமாக ஏற்கிற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், எனவே உங்கள் செவிலியர் சங்கத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முக்கியமாக, தூக்கமில்லாமல் இருக்கிற வாரங்களில் ராஜினாமா செய்யாதீர்கள். வார்டு மாற்றம், குறைந்த நேர ட்யூட்டி, நைட் ஷிஃப்டிலிருந்து விலக்கு என்று கேட்பதற்கு எத்தனையோ இருக்கின்றன.

சிகிச்சைக்கு நான் போன முதல் ஆலோசகர் நல்ல மனிதர். ஆனால் நான் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கிவிட்டார், நான் பாதியில் நிறுத்தி அவருக்கு ஆறுதல் சொன்னேன். பிறகு பாசிட்டிவாக யோசியுங்கள், யோகா செய்யுங்கள் என்றார். பல வாரம் போனேன், பணம் போனது, கனவு போகவில்லை. இரண்டாவதாகப் போனவர் அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். முதல் சந்திப்பிலேயே வித்தியாசம் தெரிந்தது, எத்தனை அமர்வு, ஒவ்வொன்றிலும் என்ன செய்வோம், எப்போது கொஞ்சம் மோசமாகத் தோன்றும் என்று முன்கூட்டியே சொன்னார். பி.டி.எஸ்.டி.க்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சைகள் அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி.யும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை) இ.எம்.டி.ஆரும் (கண் அசைவுகளோடு அந்த நினைவை மனசுக்குள் கொண்டுவந்து செய்கிற சிகிச்சை). சி.பி.டி. வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். எனவே ஒருவரிடம் போகுமுன் போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த இரண்டில் எதிலாவது பயிற்சி இருக்கிறதா, மருத்துவப் பணியாளர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், கூச்சப்பட்டு நான் இழந்தது நிறைய.

அந்த அறையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். அந்த இரவை நிகழ்காலத்தில் நடப்பதுபோல மெதுவாகச் சொல்லச் சொன்னார். எந்த இடத்தில் என் மூச்சு முட்டுகிறதோ அங்கே நிறுத்தினார். எனக்கு முட்டியது நான் நினைத்த இடத்தில் இல்லை. சிபிஆரைச் சொல்லும்போது ஓரளவு சொல்லிவிட்டேன், அடுத்த கட்டில் பம்ப் அலாரம் அடித்து நான் அவனை விட்டுத் திரும்பிய நொடியில்தான் உடைந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டேன் என்ற எண்ணம் அங்கே உறைந்துபோயிருந்தது. அப்போது அவன் பக்கத்தில் யார் இருந்தார் என்று அவர் கேட்டார். சீனியர் அக்கா இருந்தார், அவன் அம்மா இருந்தார். இது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அந்த நினைவுக்குள் அதுவரை போய்ச் சேரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் தவிர்த்த இடங்களுக்குத் திரும்பப் போகிற பயிற்சி. முதலில் அலாரம் சத்தத்தை போனில் குறைந்த ஒலியில் கேட்பது, பிறகு வார்டு வாசல் வரை, பிறகு அந்தக் கட்டில் காலியாக இருக்கும்போது பக்கத்தில் போய் நிற்பது. இடையில் ஒரு வாரம் கனவு அதிகமாகி, வேண்டாம் என்று விட்டுவிடத் தோன்றியது. அது வரும் என்று அவர் சொல்லியிருந்ததால் தொடர்ந்தேன்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தூக்கத்துக்கென்று பென்சோடயசெபைன் என்கிற வகை மயக்க, அமைதி மாத்திரைகளை நாமே கேட்டு வாங்குவதோ, தெரிந்த டாக்டரிடம் எழுதி வாங்குவதோ நம் தொழிலில் சுலபம். அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல், பழக்கமாகிவிடுகிற ஆபத்தும் உண்டு. மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் வேறு மருந்து தருவார், அதை அவர் பார்த்துத் தரட்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சில நைட் ஷிஃப்ட் முடிந்த காலைகளில், வீடு போய்ச் சேராமலே இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியிருக்கிறது. மருந்து அலமாரியின் சாவி நம் கையில் இருக்கிற வேலை இது. அப்படி ஒரு எண்ணம் வந்தால் அன்றே, அந்த ஷிஃப்டிலேயே ஒருவரிடம் சொல்லுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். லைசென்ஸ் போய்விடுமோ, பைத்தியம் என்று சொல்வார்களோ என்றெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம். நான் அந்த அக்காவிடம் சொன்னேன், அவர் என்னைத் தனியாக அனுப்பவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "நர்ஸ்னா இதெல்லாம் பழகியிருக்கணுமே" என்று சொல்லாதீர்கள், "வேலையை விட்டுடு" என்றும் உடனே சொல்லாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பேசாமல் உட்கார்ந்தால் பேசாமல் கூட உட்காருங்கள். இன்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பது, என்ன ஆச்சு என்று துருவுவதைவிட உதவும். நர்ஸ்கள் நமக்குள் பேசும்போதும் ஒன்று: ஒரு கேஸின் கொடுமையான விவரத்தைச் சொல்லுமுன், சொல்லலாமா, இப்போது கேட்கிற நிலையில் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவரும் அதே வார்டில் இன்னொரு குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கலாம். எந்தக் கேஸைப் பற்றியும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள், குழந்தையின் குடும்பத்துக்கு அது துரோகம்.

வேலைக்குத் திரும்பினேன். முழு ஷிஃப்ட் உடனே எடுக்கவில்லை, முதலில் பாதி நேரம், பகல் மட்டும், ஐசியூவுக்கு வெளியே பொதுக் குழந்தைகள் வார்டில். அங்கே ஒரு வித்தியாசம், குழந்தைகள் குணமாகி வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐசியூவில் தேறுகிற குழந்தையை வார்டுக்கு மாற்றிவிடுவோம், அதன் பிறகு அது ஓடி விளையாடுவது நமக்குத் தெரியவே தெரியாது, நினைவில் தங்குவதெல்லாம் தேறாதவர்கள்தான். இப்போது ஐசியூவுக்குத் திரும்பிவிட்டேன், எங்களிடமிருந்து போன குழந்தைகளை முடிந்தபோது வார்டில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஏற்பாட்டை இன்சார்ஜிடம் பேசி வாங்கியிருக்கிறோம். இன்னும் சில மாற்றங்கள் கேட்டிருக்கிறோம், பாதி கிடைத்திருக்கிறது. சிபிஆரில் இருந்த நர்ஸுக்கு அந்த ஷிஃப்டின் மீதி நேரத்தில் கொஞ்ச நேரமாவது வேறொருவர் கட்டிலைப் பார்த்துக்கொள்வது, இறந்த குழந்தையின் கட்டிலில் வருகிற புது அட்மிஷனை அதே நர்ஸுக்குக் கொடுக்காமல் இருப்பது, இரண்டும் கிடைத்துவிட்டன. சம்பவத்துக்கு ஒரு மாதம் கழித்து அந்த ஷிஃப்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவர் தனியாகக் கேட்க வேண்டும் என்பது இன்னும் எழுத்தில் வரவில்லை. அது வருகிற வரைக்கும் அந்தத் தேதிகளை நானே டைரியில் குறித்து வைத்து, ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.